சிரமம் எங்கே போயிற்று?

சென்னையிலிருந்து மதுரைக்குச் சாலை வழியே ஏறக்குறைய 460 கிலோமீட்டர். காரில் புறப்பட்டால் ஏழு அல்லது எட்டு மணி நேரம். விமானத்தில் ஏறி அமர்ந்தால் ஒன்றேகால் மணி நேரம். இதே தூரத்தை நம்முடைய பாட்டனார்கள் எழும்பூரில் மாலையில் ரயிலேறி, கரிப்புகை படிந்த வேஷ்டியோடு மறுநாள் காலையில் வைகைப் பாலத்தைக் கண்டு, வீடு போய்ச் சேர்ந்ததும் முதற்காரியமாக ஸ்நானத்துக்கு வெந்நீர் போடச் சொன்னார்கள் என்பதை நினைத்தால், இன்றைய பிரயாணி எவ்வளவு பாக்கியசாலி என்பதில் ஐயத்துக்கு இடமே இல்லை. பழைய காலத்துப் பிரயாணங்களில்தான் ரசம் இருந்தது என்று பேசுவோர் நம்மிடையே அநேகர். அவர்களுள் ஒருவரைச் சித்திரை மாதத்து நடுப்பகலில், மின்விசிறி இல்லாத மூன்றாம் வகுப்புப் பெட்டியில், டிரங்குப் பெட்டிகளுக்கும் கூஜாக்களுக்கும் நடுவே விழுப்புரம் வரையில் உட்கார வைக்க முடிந்தால் போதும். அந்த ரசிகத்தன்மை திண்டிவனம் வருவதற்குள் ஆவியாகிப் போய்விடும்.

ஆகையால் வேகத்தையும் சௌகரியத்தையும் பழிக்க நான் வரவில்லை. எனக்குள்ள சந்தேகம் வேறு. பழைய பிரயாணத்தில் இருந்த அந்தச் சிரமம் மெய்யாகவே அழிந்து போயிற்றா, அல்லது பிரயாணியின் தலையிலிருந்து இறங்கி, வழியின் இரு முனைகளிலும் காத்திருக்கும் கூடங்களிலும், வண்டியை ஓட்டுகிறவன் கண்களிலும், பிரயாணமே செய்யாமல் சாலையோரத்தில் குடியிருக்கிறவர்கள் வாசலிலும் போய்க் குடியேறியிருக்கிறதா என்பதே அந்தச் சந்தேகம். விமானத்தையும் காரையும் சற்று நின்று நிதானமாகப் பார்த்தாலொழிய இதற்கு விடை கிடைக்காது.

மோட்டார் வண்டியின் முதல் நெடும் பிரயாணம் ஒரு பெண்மணியின் துணிச்சலால் நடந்தது. ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் என்பவர் 1886-ல் தம்முடைய மூன்று சக்கர வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் அதை நம்பி வாங்குவார் அரிதாக இருந்தனர். 1888 ஆகஸ்ட் மாதத்தில் அவருடைய மனைவி பெர்த்தா, கணவரிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல், இரண்டு புதல்வர்களையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தம் தாயாரைப் பார்க்க நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிச் சென்றார். நடுவழியில் எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லோக் என்ற ஊரின் மருந்துக் கடையில் அதை வாங்கி ஊற்றிக்கொண்டு, வண்டி ஏற மறுத்த மேடுகளில் பிள்ளைகளை இறங்கித் தள்ளச் செய்து, இருட்டும் சமயத்தில் போய்ச் சேர்ந்தார். உலகத்தில் முதன்முதலாக ஒரு கார் நெடுந்தூரம் போனது தாய்வீட்டுக்குத்தான் என்பது தமிழர்களுக்கு ஆச்சரியமாக இராது. பொங்கலுக்கு முதல்நாள் தாம்பரத்தைத் தாண்டும் கார்களில் பாதிக்கு மேல் இன்றும் அங்கேதான் போகின்றன.

ஆகாய விமானத்தின் கதை இதைவிட அவசரமானது. 1903 டிசம்பர் 17-ல் ரைட் சகோதரர்களின் முதல் பறத்தல் பன்னிரண்டு விநாடியில் முடிந்தது. ஏழே ஆண்டுகளில், அதாவது 1910-ல், நம்முடைய சென்னையில் ஹோட்டல் நடத்தி வந்த ஜியாகோமோ டி ஏஞ்ஜலிஸ் என்பவர் தாமே திட்டமிட்டு, சிம்ப்ஸன் கம்பெனியாரைக் கொண்டு கட்டுவித்த ஒரு விமானத்தைப் பல்லாவரத்தில் பரீட்சித்துப் பார்த்துவிட்டு, பிறகு தீவுத்திடலில் ஊரார் காணப் பறக்கவிட்டார். 1911 பிப்ரவரி 18-ல் அலகாபாத்தில் ஹென்றி பெக்கே என்ற பிரெஞ்சுக்காரர் ஆயிரக்கணக்கான கடிதங்களை ஏற்றிக்கொண்டு யமுனைக்கு அப்பாலுள்ள நைனியில் இறக்கினார். ஆக, இந்திய வானில் மனிதர்களுக்கான சேவைக்கு முன்னால் தொடங்கியது கடிதச் சேவையே. 1932 அக்டோபர் 15-ல் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குச் சிறு விமானத்தைத் தாமே ஓட்டி வந்தபோதும் அதில் இருந்தவை தபால் மூட்டைகளே. பம்பாயில் அவற்றை வாங்கிக்கொண்டு நெவில் வின்ஸென்ட் என்பவர் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு வந்து சேர்த்தார்.

1953-ல் விமானக் கம்பெனிகள் தேசியமயமாக்கப்பட்ட பின்னர் நெடுங்காலம் வரையில் விமானப் பிரயாணம் மந்திரிகளுக்கும் மில் முதலாளிகளுக்கும் சினிமா நட்சத்திரங்களுக்கும் உரிய காரியமாகவே இருந்தது; ஊரில் ஒருவர் விமானமேறினால் அது பத்திரிகையில் வரவேண்டிய செய்தியாகவே மதிக்கப்பட்டது. 1994-ல் அந்தத் தேசியமயச் சட்டம் நீங்கித் தனியாருக்கு வழி முழுதும் திறந்ததும், 2003-ல் ஏர் டெக்கான் குறைந்த கட்டணச் சேவையைத் தொடங்கியதும் எல்லாவற்றையும் மாற்றிவிட்டன. இன்று மீனம்பாக்கத்தில் வரிசையில் நிற்பவர்களைப் பாருங்கள்: துபாய்க்கோ குவைத்துக்கோ கட்டட வேலைக்குப் போகும் ராமநாதபுரத்து வாலிபன், சிங்கப்பூரில் மகன் வீட்டுக்குப் போகும் தஞ்சாவூர் தம்பதிகள், அமெரிக்காவில் மகளின் பிரசவத்துக்குப் புறப்பட்ட மாமி. இந்த ஜனநாயகத்தை நான் மனப்பூர்வமாக வரவேற்கிறேன். விமானம் ஏழைக்கு எட்டியதைவிடப் பெரிய சௌகரியம் அதற்குள் வேறொன்றும் இல்லை.

இருபத்துமூன்று கிலோவும் ஒரு தேங்காயும்

சௌகரியத்துக்கு நிறை உண்டு. உள்நாட்டுப் பிரயாணத்தில் சாதாரண டிக்கெட்டுக்குப் பெரும்பாலும் பதினைந்து கிலோ பெட்டியும் ஏழு கிலோ கைப்பையும். அமெரிக்கப் பிரயாணத்தில் பெட்டி ஒன்றுக்கு இருபத்துமூன்று கிலோ. பிரசவத்துக்குப் போகும் தாயார் ஒருத்திக்கு இந்தக் கணக்கு எவ்வளவு பெரிய தர்மசங்கடம் என்பதை விமானக் கம்பெனிகள் அறியமாட்டா. பிரசவ லேகியம், சுக்கு, பருப்புப் பொடி, மாவடு, அப்பளம், வடகம், பேரக்குழந்தைக்கு அரைஞாண், மாப்பிள்ளைக்குப் பிடித்த சீடை ஆகிய சகலத்தையும் பெட்டியில் அடுக்கி, கொக்கித் தராசில் தூக்கிப் பார்த்து, அரைக் கிலோ அதிகமென்று கண்டு, எதை எடுப்பது என்று குடும்பமே கூடி விசாரணை நடத்தி, கடைசியில் தமக்காக வைத்திருந்த இரண்டு புடவைகளை எடுத்துவிட்டுச் சீடையைக் காப்பாற்றிக்கொண்டு வருகிறார்கள். அப்படியும் விமான நிலையத்துத் தராசுக்கும் வீட்டுத் தராசுக்கும் அபிப்பிராய பேதம் ஏற்பட்டு, நடுக்கூடத்தில் பெட்டியைத் திறந்து போட்டு ஊறுகாய்ப் பொட்டலத்தை ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுகிற காட்சியைக் காணாமல் நம்மவர்கள் எவரும் கடல் கடந்ததில்லை. கரிப்புகையில் வேஷ்டி அழுக்கான காலத்தில் இந்த மானக்கேடு இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

தேங்காயின் விஷயம் இன்னும் சுவாரசியமானது. கொப்பரையில் எண்ணெய்ச் சத்து மிகுதி. எளிதில் தீப்பற்றக் கூடியது. ஆகவே அது விமானத்தில் விலக்கப்பட்ட பொருள்களுள் ஒன்று. முழுத் தேங்காயைக் கையோடு உள்ளே கொண்டு போகவும் அனுமதி கிடையாது. ஆனால் சபரிமலை யாத்திரிகனுடைய இருமுடியில் நெய் நிரப்பிய தேங்காய் இருந்தே தீரவேண்டும்; அதைப் பெட்டியோடு ஒப்படைத்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு போவது விரதத்துக்கு ஒவ்வாதது. கார்த்திகை மாதந்தோறும் இந்த வழக்கு விமான நிலையங்களில் நடந்து வந்தது. கடைசியில் 2022 நவம்பரில் விமானப் பாதுகாப்புத் துறையார், அந்தப் பருவம் முடியும் வரையில், சோதனைகளுக்கு உட்படுத்திய பிறகு இருமுடித் தேங்காயைக் கையோடு எடுத்துச் செல்லலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். 2024-லும் மண்டல காலத்துக்கு முன்பாகவே அந்தச் சலுகை அறிவிக்கப்பட்டது. நாற்பத்தொரு நாள் விரதம் காத்தவன் வெடிமருந்துச் சோதனையிலும் தேறித்தான் ஐயனைத் தரிசிக்க வேண்டியிருக்கிறது.

சோதனைகள் காரணமின்றி வந்தவை அல்ல. 1999 டிசம்பரில் காட்மாண்டுவிலிருந்து வந்த நம்முடைய விமானம் கடத்தப்பட்டுக் காந்தஹாரில் நிறுத்தப்பட்டதை நாடு மறக்கவில்லை. அதையடுத்து 2000-ம் ஆண்டிலிருந்து விமான நிலையக் காவல் படிப்படியாக மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையிடம் வந்தது. 2006 ஆகஸ்டில் லண்டனில் திரவ வெடிபொருள் சதி ஒன்று கண்டுபிடிக்கப்பட்டதன் பிறகு, வெளிநாடு போகிறவர் கைப்பையில் நூறு மில்லிலிட்டருக்கு மேற்பட்ட தைலமும் சந்தேகத்துக்குரிய பொருளாயிற்று. எங்கோ ஒரு மூலையில் நான்கு பேர் செய்த, அல்லது செய்ய நினைத்த, கொடுமைக்காக உலகத்தின் தாத்தாக்கள் அனைவரும் பெல்ட்டைக் கழற்றித் தட்டில் வைத்துவிட்டு, வேஷ்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையை உயர்த்தி நிற்கிறார்கள்.

இப்போது அந்த ஒன்றேகால் மணி நேரத்தின் கணக்கைப் பார்க்கலாம். அண்ணா நகரிலிருந்தோ பெரம்பூரிலிருந்தோ மீனம்பாக்கம் சேர ஒரு மணி நேரம், விமானம் கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் வந்துவிட வேண்டுமென்பது உத்தரவு, பறப்பது ஒன்றேகால், இறங்கியபின் பெட்டி வரக் காத்திருப்பதும், அங்கிருந்து மதுரை நகருக்குள் டாக்ஸியில் போவதும் சேர்ந்து மற்றொரு மணி. ஐந்தேகால் மணி நேரத்தில் பிரயாணம் என்று சொல்லத் தக்கது நாலில் ஒரு பங்கு, மிகுதியெல்லாம் வரிசை. பறக்கும் வேகத்தைக் கூட்டுவதற்கு நூறாண்டுகளாக மேதைகள் உழைத்திருக்கிறார்கள். வரிசையின் வேகத்தைக் கூட்டுவதற்கு உழைத்தவர்களின் பெயர் எதுவும் சரித்திரத்தில் காணோம்.

உள்ளே போய் அமர்ந்த பிறகு உடம்புக்கு நேர்வதை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. முப்பத்தையாயிரம் அடி உயரத்தில் வெளியே வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே ஐம்பது டிகிரி. அங்குள்ள காற்றைச் சுவாசித்தால் ஒரு நிமிஷத்துக்குள் நினைவு தப்பத் தொடங்கும். ஆகவே விமானத்தினுள் காற்றை அழுத்தி நிரப்புகிறார்கள். நிரப்பினாலும் அது தரைமட்டத்துக் காற்றாக இராது, ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரத்துக்குச் சமானமாகவே இருக்கும். அதாவது அந்த உயரத்தில் பறக்கிறவர் தம்மை அறியாமலே உதகமண்டலத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கிவிடுகிறார். நெடுந்தூர விமானங்களில் அந்தக் காற்று மிகவும் வறண்டது, ஈரப்பதம் இருபது சதவீதத்துக்கும் கீழே போய்விடும்; நாவறட்சியும் மூக்குவறட்சியும் அதனால் வருபவை; வறட்சியும் குறைந்த அழுத்தமும் சேர்ந்து நாக்கின் உப்பு, இனிப்பு உணர்ச்சியை மந்தப்படுத்துவதால், தரையில் தேவாமிர்தமாக இருந்த சாம்பார் சாதம் ஆகாயத்தில் உப்பில்லாப் பண்டமாகிவிடுகிறது. இறங்கும்போது கைக்குழந்தைகள் வீறிட்டு அழுவது பிடிவாதத்தினால் அன்று. வெளியழுத்தம் கூடக்கூட அதைச் சமன் செய்ய வேண்டிய செவிக்குழல் திறவாமல் செவிப்பறை வலிப்பதே காரணம். பெரியவர்கள் மிட்டாயைச் சப்பி எச்சில் விழுங்கித் தப்பித்துக்கொள்கிறார்கள், குழந்தைக்கு அந்த நேரத்தில் பால் புகட்டினால் அதுவும் அமைதியடையும். பக்கத்து ஆசனத்தில் முகத்தைச் சுளிக்கும் கனவான்கள் இதை அறிந்திருந்தால் நலம்.

இந்த அழுத்தக் காற்றுக்கும் ஒரு விலை கொடுக்கப்பட்டிருக்கிறது. 1952-ல் லண்டனிலிருந்து ஜொஹானஸ்பர்க்குக்கு உலகத்தின் முதல் ஜெட் பிரயாணி விமானமான ‘காமெட்’ புறப்பட்டபோது, அதன் வேகத்தையும் அதிர்வற்ற தன்மையையும் புகழாதவர் இல்லை. 1954-ல், மூன்றே மாத இடைவெளியில், இரண்டு காமெட் விமானங்கள் மத்தியதரைக் கடலின் மேல் வானத்திலேயே சிதறிப் போயின. ஆராய்ச்சியாளர்கள் ஃபார்ன்பரோவில் பிரம்மாண்டமான தண்ணீர்த் தொட்டி ஒன்றைக் கட்டி, அதற்குள் ஒரு முழு விமானத்தின் உடலை இறக்கி, உள்ளே அழுத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதுமாகப் பல்லாயிரம் மணி நேரப் பறத்தலை நடித்துக் காட்டச் செய்தார்கள். ஒருநாள் ஒரு திறப்பின் மூலையிலிருந்து உலோகம் கிழிந்தது. மீண்டும் மீண்டும் ஊதித் தணிந்ததனால் உலோகத்துக்கு ஏற்பட்ட களைப்பே காரணம் என்று தெரிந்தது. இன்று நாம் ஜன்னலோரத்தில் அமர்ந்து மேகத்தைப் படம் பிடிக்கும் நிம்மதி அந்தத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து வந்தது.

ஆயினும் வானம் பூமிக்குக் கட்டுப்பட்டதே. மீனம்பாக்கத்தின் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின் குறுக்கே பாலத்தின் மேல் செல்கிறது. 2015 டிசம்பரில் அந்த ஆறு தன் பாதையைத் திரும்பக் கேட்டபோது விமானங்கள் வெள்ளத்தில் நிற்க, நிலையத்தையே சில நாட்கள் மூடிவிட நேர்ந்தது. 2018-ல் போகியன்று சென்னைவாசிகள் எரித்த பழம்பாய்களின் புகை மார்கழிப் பனியோடு கலந்து ஓடுபாதையை மறைத்துவிட, வந்த விமானங்கள் இறங்க வழியில்லாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பப்பட்டன.

நாற்கரச் சாலையில்

காரின் சௌகரியம் வேறு ஜாதி. அது நமக்காகக் காத்திருக்கும். நாம் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நினைத்த நேரத்தில் புறப்படலாம், நினைத்த மரத்தடியில் நிறுத்தலாம், பாட்டியாருக்குத் தலை சுற்றினால் இறங்கி எலுமிச்சம்பழத்தை முகரச் செய்யலாம். சிட்டியும் தி. ஜானகிராமனும் காவேரிக் கரையோடு போய் ‘நடந்தாய் வாழி காவேரி’ எழுத முடிந்ததற்கு, நிறுத்திய இடத்தில் நிற்கும் கார் ஒன்று அவர்களுக்கு வாய்த்திருந்ததும் ஒரு காரணம் என்றே எண்ணுகிறேன். 1958 முதல் 2014 வரையில் உத்தர்பாராவில் தயாரான அம்பாஸடர் காரில், முன்னால் மூவர், பின்னால் ஐவர், மடிகளில் குழந்தைகள், மேலே சாமான்கள் என்று குடும்பங்கள் திருப்பதிக்கும் பழனிக்கும் போய் வந்ததை நம்மில் அநேகர் கண்டிருக்கிறோம். 1983 டிசம்பரில் மாருதி வந்தபின் கார் சிறியதாயிற்று. குடும்பமும் அதற்கேற்பச் சிறியதாயிற்று. முன்னதனால் பின்னது விளைந்தது என்று நான் சொல்லவில்லை.

1999-ல் தொடங்கிய தங்க நாற்கரத் திட்டத்தையும் அதை அடுத்து வந்த திட்டங்களையும் பின்பற்றி நாடெங்கும் சாலைகள் அகன்றன. சென்னை–திருச்சி–மதுரைச் சாலையும் நாற்கரமாயிற்று. அதற்கு முன் இந்த வழியில் போனவருக்கு ஊர்கள் தென்பட்டன. திண்டிவனத்துக் கடைவீதியும் விழுப்புரத்து ரயில்வே கேட்டும் உளுந்தூர்பேட்டைச் சந்தையும் அவருடைய பொறுமையைச் சோதித்தாலும், தாம் எந்த ஊரில் இருக்கிறோம் என்பதை அவர் அறிந்திருந்தார். இன்று புறவழிகள் ஊர்களையெல்லாம் தள்ளிவைத்துவிட்டன. பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம் என்று பிரயாணிகள் இப்போது மனப்பாடமாகச் சொல்வது சுங்கச்சாவடிகளின் வரிசையை. 2021 பிப்ரவரியில் ‘ஃபாஸ்டேக்’ கட்டாயமானதிலிருந்து அங்கே சில்லறைக்குச் சண்டை போடும் வாய்ப்பும் போய்விட்டது. கண்ணாடியில் ஒட்டிய சீட்டைக் கருவி பார்த்துக்கொள்கிறது, பணம் போனதைக் கைப்பேசி அறிவிக்கிறது. ஊர்களுக்குப் பதிலாக நமக்குக் கிடைத்திருப்பவை ‘கும்பகோணம் டிகிரி காபி’ என்ற பலகைகள். செங்கற்பட்டுக்கும் கும்பகோணத்துக்கும் நூறு மைலுக்கு மேல் தூரம் என்பதைப் பொருட்படுத்தாமல், பித்தளை டபராவை அடுக்கிவைத்தால் காவேரி தானே வந்துவிடும் என்ற நம்பிக்கையில் வரிசையாக நிற்கின்றன. காபி சில கடைகளில் நன்றாகவும் இருக்கிறது என்பதை நியாயத்துக்காகச் சொல்லிவிடுகிறேன்.

இந்தச் சாலையில் போகும் கார்களில் கணிசமானவற்றைச் சொந்தக்காரர் ஓட்டுவதில்லை. ‘ஆக்டிங் டிரைவர்’ என்று நாம் அழைக்கும் ஒருவர், அன்றைய தினத்துக்கு மட்டும் கூலிக்கு வந்தவர், ஓட்டுகிறார். மதுரையில் காலை முகூர்த்தம் என்றால், குடும்பத்தார் இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு பத்து மணிக்குப் புறப்படுகிறார்கள், மேல்மருவத்தூர் தாண்டுவதற்குள் பின்னாசனத்தில் அனைவரும் உறங்கிவிடுகிறார்கள், ஏ.ஸி.யின் குளிர்ச்சியில், அதிராத சாலையில், அந்த உறக்கத்துக்கு நிகரான சௌகரியம் முற்காலத்து ராஜாக்களின் பல்லக்குகளிலும் இருந்திருக்காது. அந்த உறக்கத்தைச் சுமப்பவர் முன்னாசனத்தில் விழித்திருக்கிறார். இரவு இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரையில் மனித உடம்பு உறக்கத்தைக் கேட்டுக் கெஞ்சும் வேளை. வளைவுகளற்ற நேரான சாலையும் ஒரே சீரான எஞ்சின் ஓசையும் அந்த வேண்டுகோளுக்குப் பரிந்து பேசுகின்றன. பழைய சாலையின் குழிகள் அவரை விழிக்க வைத்தன. புதிய சாலையின் வழவழப்பு அவரைத் தாலாட்டுகிறது. விடிந்ததும் குடும்பத்தார் மண்டபத்து அறையில் ஸ்நானம் செய்து பட்டு உடுத்துகிறார்கள். அவருக்கு அறை ஒதுக்க வேண்டுமென்று கல்யாண வீட்டாருக்குத் தோன்றுவது அபூர்வம். கடைசிப் பந்தியில் சாப்பிட்டுவிட்டு, வாகன நிறுத்தத்தில் ஆசனத்தைச் சாய்த்துக் கதவுகளைத் திறந்து போட்டுக்கொண்டு, வெயில் ஏறும்வரை கண்ணயர்கிறார். ‘ராத்திரியே கிளம்பிவிட்டால் நாளை ஆபீஸ் போய்விடலாம்’ என்று யாராவது ஒருவர் சொல்ல, அன்று மாலையே மறுபடியும் புறப்பாடு.

1961-ம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலையென்று விதித்தது. பஸ் கம்பெனித் தொழிலாளிக்காக எழுதப்பட்ட அந்தப் பாதுகாப்பு, சொந்தக் காரில் ஒருநாள் கூலிக்கு அமரும் இந்த மனிதரை எட்டியதில்லை. அவர் களைப்புக்குச் சாட்சி சொல்லப் பின்னாசனத்தில் விழித்திருப்பாரும் இல்லை.

விமான விபத்து உள்ளத்தைக் குலைக்கிற மாதிரி சாலை விபத்து குலைப்பதில்லை. 2025 ஜூன் 12-ல் அகமதாபாத்தில் புறப்பட்ட விமானம் சில விநாடிகளிலேயே விழுந்து, அதிலிருந்த 242 பேரில் ஒருவர் மாத்திரம் பிழைத்த செய்தியும், அது விழுந்த மருத்துவக் கல்லூரி விடுதியில் உணவருந்திக் கொண்டிருந்த மாணவர்கள் இறந்த செய்தியும் உலகத்தையே உலுக்கின. அந்தத் துக்கத்தைச் சிறிதும் குறைத்துப் பேசாமலே மற்றொரு கணக்கையும் பார்க்க வேண்டும். 2022-ம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. நாளொன்றுக்கு 460 பேருக்கு மேல். அகமதாபாத்தில் ஒரு பகலில் நேர்ந்ததைவிட அதிகமான சாவு நாள்தோறும் நேர்கிறது. அது பல ஊர்களிலாகப் பிரிந்து நேர்வதால், பத்திரிகையின் உட்பக்கத்தில் நான்கு வரியோடு அடங்கிவிடுகிறது. அவ்வாண்டில் தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள். எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். இறந்தவர்கள் 17,884 பேர்.

இறந்தவர்கள் யார் என்று பார்க்கும்போதுதான் என் சந்தேகம் வலுப்பெறுகிறது. நாடு முழுவதும் எடுத்துக்கொண்டால், அவர்களுள் நூற்றுக்கு நாற்பத்துநான்கு பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். சற்றேறக்குறைய இருபது பேர் நடந்து சென்றவர்கள். காருக்குள் இருப்பவரைக் காப்பாற்றுவதற்கு வித்தைகள் பெருகியிருக்கின்றன. 1959-ல் வால்வோ கம்பெனியின் நில்ஸ் போலின் கண்டுபிடித்த மும்முனை இருக்கைப் பட்டை, பிற கம்பெனிகளும் கட்டணமின்றி உபயோகிக்கலாம் என்று திறந்துவிடப்பட்டதனால், எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது. 2022 செப்டம்பரில் பெருந்தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பின்னாசனத்தில் பட்டை அணியாமல் உயிரிழந்த பிறகு, பின்னால் அமர்வோருக்கும் அது வேண்டுமென்ற ஞானம் நமக்குக் கொஞ்சம் உதித்தது. காற்றுப்பைகளும் வந்துவிட்டன. ஆனால் மதுராந்தகத்துக்கு அருகே வயலுக்குப் போகும் கிழவிக்குக் காற்றுப்பை ஏது? அவளுடைய வீடு சாலைக்கு இந்தப் பக்கம், வயல் அந்தப் பக்கம். முன்பு மாட்டு வண்டிகளுக்கிடையே நிதானமாகக் கடந்த சாலை இப்போது நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் நான்கு நதிகளாகிவிட்டது; சுரங்கப்பாதை ஒரு மைலுக்கு அப்பால். அவள் நடுத்திட்டின் மேல் புல்கட்டோடு ஏறி நிற்கும்போது, காரில் போகிறவர் ஹாரனை அழுத்தி, ‘இந்த ஜனங்களுக்குச் சாலை விதியே தெரியாது’ என்று சொல்லிக்கொண்டு போகிறார்.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வதற்கில்லை. விபத்தில் அடிபட்டவருக்கு முதல் நாற்பத்தெட்டு மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தரும் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரில் இதே சாலையிலுள்ள மேல்மருவத்தூரில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. அந்த ஊரைத் தேர்ந்தெடுத்தவர்கள் சாலையை நன்கறிந்தவர்கள்.

விமானத்தின் நிழலும் பிரயாணிகள் அல்லாதவர்கள் மேலேதான் விழுகிறது. பொழிச்சலூரிலும் பம்மலிலும் அனகாபுத்தூரிலும் குடியிருப்போர் பேச்சின் நடுவே நிறுத்தி, விமானம் கடந்தபின் வாக்கியத்தை முடிக்கப் பழகியவர்கள். மீனம்பாக்கம் போதாதென்று 2022 ஆகஸ்டில் காஞ்சிபுரத்துக்கு அருகே பரந்தூரில் இரண்டாவது விமான நிலையம் அறிவிக்கப்பட்ட நாள் முதல், ஏகனாபுரம் என்ற கிராமத்தின் ஜனங்கள் தங்கள் வயல்களையும் ஏரிகளையும் விட மாட்டோம் என்று இடைவிடாது போராடி வருகிறார்கள். சென்னைக்கு இன்னொரு விமான நிலையம் அவசியம் என்ற வாதத்தில் பலம் இருக்கிறது. நெரிசலைக் கண்ணால் காண்கிறோம். ஆனால் அந்த நெரிசலில் நிற்பவர்களுள் ஏகனாபுரத்தார் எத்தனை பேர் என்ற கேள்விக்கும் யாராவது பதில் சொல்லியாக வேண்டும். நீர் தேங்க வேண்டிய இடத்தில் ஓடுபாதை போட்டால் என்னவாகும் என்பதற்கு அடையாறு ஏற்கெனவே ஒருமுறை உரை எழுதிவிட்டது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, எதில்தான் மதுரைக்குப் போவது என்று கேட்பவர்களுக்கு என் விடை பழமையானது. 1977 சுதந்திர தினத்தில் ஓடத் தொடங்கிய வைகை எக்ஸ்பிரஸ் இன்னும் ஓடுகிறது. 2019-ல் வந்த தேஜஸ் ஆறரை மணி நேரத்தில் கொண்டு சேர்க்கிறது. எழும்பூர் ஊருக்கு நடுவே இருக்கிறது, இரண்டு மணி முன்னால் வா என்று எவரும் சொல்வதில்லை, ஊறுகாயை நிறுத்துப் பார்ப்பதில்லை, எழுந்து நடக்கலாம், கொள்ளிடத்தையும் காவேரியையும் ஜன்னல் வழியாகப் பார்க்கலாம், ஓட்டுநர் மாறி மாறி ஓய்வெடுக்க விதியும் அறையும் இருக்கின்றன. விமானத்தின் ஐந்தேகால் மணிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலோருக்கு ஒரு தூக்கத்தின் அளவுதான். நானும் கூடியவரை இதிலேயே போகிறேன்.

டிக்கெட் கிடைப்பது மாத்திரம் வேறு விஷயம். முன்பதிவு இப்போது அறுபது நாட்களுக்கு முன்பு திறக்கிறது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் உரிய நாளில் காலை எட்டு மணிக்குத் திறந்த ஜன்னல் சில நிமிஷங்களில் மூடிக்கொள்கிறது. கிடைக்காதவர்களில் வசதியுள்ளோர் மும்மடங்கு கட்டணத்துக்கு விமானம் ஏறுகிறார்கள். மற்றவர்கள் ஆக்டிங் டிரைவருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, முறுக்கு டப்பாவோடு காரில் ஏறி, பரனூர் சுங்கச்சாவடியில் ஒருவரையொருவர் சந்திக்கிறார்கள்.